சுவரில் யார் படம்? சுவர் யாருடையது?

2023 அக்டோபர் 7ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில், புரூக்ளின் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியைத் திறந்தது. கறுப்பினத் திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயின் நாற்பது ஆண்டுத் திரைவாழ்வைக் கொண்டாடிய கண்காட்சி அது. 'ஸ்பைக் லீ: கிரியேட்டிவ் சோர்சஸ்' என்று பெயர். அவருடைய படங்கள் எந்த ஊற்றிலிருந்து பிறந்தன என்று காட்டுவது நோக்கம். 2024 பிப்ரவரி வரை நடந்தது. 400க்கும் மேற்பட்ட பொருட்கள் வைக்கப்பட்டிருந்தன. சினிமாச் சுவரொட்டிகள், புகைப்படங்கள், ஓவியங்கள், விளையாட்டு வீரர்களின் சட்டைகள், பாடகர் பிரின்ஸின் கிதார் என்று கறுப்பின மக்களின் ஒரு நூற்றாண்டு அந்தக் கூடத்தில் நின்றது.

கண்காட்சி முடிந்துபோச்சு. இப்ப எதுக்கு இதைப் பத்தித் தலையங்கம்னு கேக்கலாம். காரணம் இருக்கு. கீழே இருந்து ஒருத்தன் கத்திக்கிட்டே மேலே வர்றான். அன்னைக்குக் காதைப் பொத்திக்கிட்டவங்க முப்பது வருஷம் கழிச்சு அவனுக்கு மாலை போடுறாங்க. மாலையை வாங்கிக்கலாமா? வாங்கிக்கிட்டா, கத்தினது என்ன ஆகும்? இது ஸ்பைக் லீக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல. எழுதுகிற, பாடுகிற, பறையடிக்கிற, படமெடுக்கிற நம் எல்லோருக்கும் வந்துகொண்டிருக்கிற கேள்வி. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருடைய படத்திலிருந்தே தொடங்குவோம்.

1989இல் வந்தது 'டூ த ரைட் திங்'. புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் என்கிற கறுப்பர் பகுதி. அதில் ஒரே ஒரு தெரு. கோடையின் மிகக் கொடிய வெயில் நாள் ஒன்று. தெருமுனையில் சால் என்கிற இத்தாலிய வம்சாவளிக்காரரின் பீட்சாக் கடை. தின்பவர்கள் கறுப்பர்கள். கல்லாவில் விழும் காசு கறுப்பர் காசு. சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்கள் மட்டும் முழுக்க இத்தாலிய அமெரிக்கர்களுடையவை. பகின் அவுட் என்கிற இளைஞன் கேட்கிறான்: எங்க ஆளுங்க படம் ஒண்ணுகூட ஏன் இல்லை? சால் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: கடை என்னுது, சுவரு என்னுது. வேணும்னா நீ சொந்தமா ஒரு கடை வெச்சு உன் ஆளுங்க படத்தை மாட்டிக்கோ.

இந்தப் பதில் நமக்குப் பழக்கமான பதில்தான். கோயில் என்னுது, குளம் என்னுது, தெரு என்னுது, சுடுகாடுகூட என்னுது. உனக்கு வேணும்னா தனியாக் கட்டிக்கோ.

அன்று இரவு ரேடியோ ரஹீம் தன் பெரிய ரேடியோப் பெட்டியோடு கடைக்குள் வருகிறான். பகின் அவுட்டும் கூட வருகிறான். பாட்டை நிறுத்தச் சொல்லிச் சால் கத்துகிறார். நிறுத்தவில்லை. பேஸ்பால் மட்டையால் ரேடியோவை அடித்து நொறுக்குகிறார். கைகலப்பு. போலீஸ் வருகிறது. கறுப்பர்களை மட்டும் பிடிக்கிறது. ரஹீமின் கழுத்தில் தடியை வைத்து இறுக்குகிறது. அவன் கால்கள் தரையிலிருந்து எழும்புகின்றன, துடிக்கின்றன, அடங்குகின்றன. அதற்குப் பிறகுதான் அதே கடையில் வேலை செய்யும் மூக்கி குப்பைத்தொட்டியைத் தூக்கிக் கண்ணாடியில் வீசுகிறான். மூக்கியாக நடித்தவர் ஸ்பைக் லீயேதான். கடை பற்றி எரிகிறது. எரியும் கடைக்குள் பேச்சுத் திக்கும் ஸ்மைலி நுழைகிறான். மால்கம் எக்ஸும் மார்ட்டின் லூதர் கிங்கும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றை அந்தச் சுவரில் மாட்டுகிறான்.

படம் மாட்டியாச்சு. ஆனா எரிஞ்சுக்கிட்டிருக்கிற சுவத்துல.

படம் வெளியானபோது வெள்ளைப் பத்திரிகையாளர்கள் சிலர் கலவரம் வெடிக்கும் என்று பயமுறுத்தினார்கள். எங்கும் எதுவும் வெடிக்கவில்லை. விமர்சகர்கள் பலர் கடை எரிந்ததைப் பற்றி விரிவாக எழுதினார்கள். செத்துப்போன பையனைப் பற்றிக் கேட்க மறந்தார்கள். ஸ்பைக் லீ இதைப் பல முறை சுட்டிக்காட்டியிருக்கிறார். கடைக்கு மதிப்பு உண்டு, கறுப்பு உயிருக்கு இல்லை. இங்கேயும் பஸ் கண்ணாடி உடைஞ்சா அது வன்முறை. சேரி எரிஞ்சா அது 'இரு தரப்பினரிடையே மோதல்'.

1990 ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பட்டியலில்கூட 'டூ த ரைட் திங்' இடம்பெறவில்லை. பரிசு 'டிரைவிங் மிஸ் டெய்சி'க்குப் போனது. வெள்ளைக்காரக் கிழவிக்குக் கார் ஓட்டும் விசுவாசமான கறுப்பு டிரைவரின் கதை. 2019இல் 'பிளாக்கிளான்ஸ்மேன்' படத்தின் தழுவல் திரைக்கதைக்காக ஸ்பைக் லீக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த வருஷமும் சிறந்த படம் என்று பரிசு வாங்கியது 'கிரீன் புக்'. மறுபடியும் ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கார் ஓட்டுற கதைதான். இந்த முறை ஓட்டுறவன் வெள்ளைக்காரன், அவ்வளவே.

'டூ த ரைட் திங்' ஆறு குடும்பங்களுக்குக் காணிக்கையாக்கப்பட்ட படம். போலீசின் கையிலும் வெள்ளைக் கும்பலின் கையிலும் உயிரிழந்த ஆறு கறுப்பர்களின் குடும்பங்கள். அந்த ஆறு பெயர்களில் ஒன்று மைக்கேல் கிரிஃபித். 23 வயது. 1986 டிசம்பரில், நியூயார்க்கின் ஹோவர்ட் பீச் என்கிற வெள்ளையர் பகுதியில், வந்த கார் பழுதாகி, ஒரு பீட்சாக் கடைக்குள் நண்பர்களோடு போனவர். வெளியே வந்தவர்களை வெள்ளை இளைஞர் கும்பல் மட்டையோடு துரத்தியது. தப்பிக்க நெடுஞ்சாலைக்குள் ஓடிய மைக்கேல் கார் மோதி இறந்தார். சினிமாவில் ஏன் பீட்சாக் கடை, ஏன் பேஸ்பால் மட்டை என்பது இப்போது புரியும்.

கிரிஃபித் என்ற பெயருக்கு அமெரிக்க சினிமாவில் வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார். டி.டபிள்யூ. கிரிஃபித். 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' எடுத்தவர். முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்களைக் கறுப்பர்களாக நடிக்கவிட்டு, கறுப்பனைக் காமவெறியனாகக் காட்டி, முகமூடி போட்ட கு கிளக்ஸ் கிளான் கொலைகாரர்களைக் குதிரையேறி வரும் மீட்பர்களாகக் காட்டிய படம் அது. வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. செத்துக் கிடந்த கிளான் அதே 1915இல் மறுபடி உயிர்பெற்றது. கறுப்பர் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. ஊர் ஊராகப் போராடியது. அதன் இதழை நடத்திய டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் எதிர்த்து நின்றார்.

அந்தக் கிரிஃபித்துக்கு 1940இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் கண்காட்சி எடுத்தது, புத்தகம் போட்டது, அமெரிக்க சினிமாவின் ஆசான் என்று கொண்டாடியது. ஒரு திரைப்பட இயக்குநருக்கு அருங்காட்சியகம் எடுத்த தொடக்க கால விழாக்களில் ஒன்று அது. அதாவது இந்தச் சடங்கின் வேரிலேயே கிளான்காரனின் குதிரைச் சத்தம் இருக்கிறது. நியாயம் என்ன சொன்னார்கள்? தொழில்நுட்பம். அண்மைக் காட்சி, வெட்டி ஒட்டும் கலை, பிரம்மாண்டம். கலையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள், ரத்தத்தைத் தனியாகத் துடைத்துவிட்டார்கள். அமெரிக்கத் திரை இயக்குநர் சங்கம் தன் உயர்ந்த விருதிலிருந்து அவர் பெயரை எடுக்க 1999 வரை ஆனது.

அதே 1940. அதே நியூயார்க். ஹார்லெமில் ஆஸ்கர் மிஷோ என்கிற கறுப்பின இயக்குநர் தன் புதிய படத்தை வெளியிட்டார். 40க்கும் மேற்பட்ட படங்களை எடுத்த மனிதர். நாவல் எழுதி, சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, படப்பெட்டியைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். 1920இல் அவர் எடுத்த 'வித்தின் அவர் கேட்ஸ்' வெள்ளைக் கும்பல் ஒரு கறுப்புக் குடும்பத்தைத் தூக்கில் போடுவதைக் காட்டியது. கிரிஃபித்துக்குக் கறுப்பு மக்கள் கொடுத்த பதில் என்று அதை இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் பிரதி அமெரிக்காவில் மிஞ்சவில்லை. 1970களில் ஸ்பெயினில் ஒரே ஒரு பிரதி கிடைத்து, 1993இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைச் சீரமைத்தது. மிஷோ 1951இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய படங்களில் பெரும்பகுதி அழிந்தே போனது.

ஒருத்தனுக்கு விழா. இன்னொருத்தனுக்குப் படச்சுருளே மிச்சமில்லை. அருங்காட்சியகம் எதைப் பாதுகாக்கிறதோ அதுதான் வரலாறு என்றால், எதைப் பாதுகாக்கவில்லையோ அதுவும் அது செய்த காரியம்தான்.

ஸ்பைக் லீ இந்த வரலாற்றின் நடுவிலிருந்து வந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கப் போனபோது கிரிஃபித்தின் தொழில்நுட்பத்தை மட்டும் பாடமாக வைத்தார்கள். அந்தப் படம் என்ன செய்தது என்பதைப் பேசவில்லை. 1980இல் முதலாண்டு மாணவராக அவர் எடுத்த குறும்படத்துக்குப் பெயர் 'தி ஆன்ஸர்'. பதில். 'பர்த் ஆஃப் எ நேஷ'னை மறுபடி எடுக்க அமர்த்தப்படும் ஒரு கறுப்பின எழுத்தாளனின் கதை. பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. படிப்பிலிருந்தே தூக்கப் பார்த்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தன் கம்பெனிக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள். 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்.' 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரின் கடைசியில், விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் என்று ராணுவ ஆணை போட்டார்கள். அதே வருஷம் புதிய குடியரசுத் தலைவர் அதைத் திரும்பப் பெற்றார். நிலம் பழைய எஜமானர்களுக்கே போனது. 1892இன் பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை. ஒவ்வொரு படமும் தொடங்கும்போது திரையில் ஒரு பழைய கடன் பத்திரம் வருகிறது. இன்னும் நீங்க தரல, நாங்க மறக்கல.

1992இல் 'மால்கம் எக்ஸ்'. முதலில் ஒரு வெள்ளை இயக்குநர் எடுப்பதாக இருந்த படம். இதை எடுக்க வேண்டியது கறுப்பர்தான் என்று சண்டை போட்டு வாங்கினார். எடுத்த பிறகு பணம் தீர்ந்தது. உத்தரவாதக் கம்பெனி கையை விரித்தது. கறுப்புப் பிரமுகர்களிடம் போய்க் கேட்டார். கடனாக அல்ல, முதலீடாக அல்ல, இனாமாக. ஓப்ரா வின்ஃப்ரி, மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், ஜேனட் ஜாக்சன், டிரேசி சாப்மன், பிரின்ஸ் என்று கொடுத்தார்கள். மால்கம் பிறந்த நாளான மே 19 அன்று அதை அறிவித்தார். கண்காட்சியில் நின்ற பிரின்ஸின் கிதாரை நான் அந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். பிரபலத்தின் நினைவுப் பொருள் என்று பார்ப்பவனுக்கு அது வெறும் கிதார். ஒரு சனம் தன் கதையைத் தானே சொல்லக் காசு போட்ட ரசீது என்று பார்ப்பவனுக்கு அது வேறு.

இங்கேதான் நம் கேள்விக்கு வருகிறோம். கிரிஃபித்துக்கு விழா எடுத்தபோது ரத்தத்தைத் துடைத்தார்கள். ஸ்பைக் லீக்கு விழா எடுக்கும்போது கோபத்தைத் துடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. எந்த அருங்காட்சியகத்துக்கும் உள்ள ஆபத்துதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டால் எதுவும் அழகாகிவிடும். செருப்பும் அழகு, சங்கிலியும் அழகு. ரஹீம் சாகும் காட்சியைத் 'திரைமொழியின் உச்சம்' என்று ரசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். 2014இல் எரிக் கார்னரும், 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டும் கழுத்து நெரிபட்டுச் செத்தார்கள். ஃபிளாய்டு இறந்த அடுத்த வாரமே ஸ்பைக் லீ அந்த இரண்டு காட்சிகளையும் ரஹீமின் சாவோடு சேர்த்து '3 பிரதர்ஸ்' என்று ஒரு சின்னப் படம் வெளியிட்டார். கலைக்கும் பிணத்துக்கும் நடுவில் யாரும் கண்ணாடி வைத்துவிடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு எடுக்கும் எந்த விழாவுக்கும் இதுதான் அளவுகோல். பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் அந்த ஆறு குடும்பங்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு வருகிறானா, அட்டைப்படம் வாங்கிக்கொண்டு வருகிறானா?

அடுத்து, சுவர் யாருடையது என்ற கேள்வி. நான் வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்றால் சிவப்பு வண்ணம். கறுப்பர் குடியிருப்பது ஆபத்துக்கான காரணங்களில் ஒன்று. பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் சிவப்பில் விழுந்தது. கடன் இல்லை என்றால் வீடு இல்லை, பழுதுபார்க்க வழி இல்லை, கடை வைக்க முதல் இல்லை. நீ சொந்தமாக் கடை வெச்சுக்கோ என்று சால் சொன்னாரே, அந்தக் கடைக்குக் கடன் கொடுக்காதது யார் என்பது இந்த வரைபடத்தில் இருக்கிறது. நம்ம ஊர்க் கடன் மனுவிலே சாதி கேக்குற கட்டம் எல்லா நேரமும் இருக்காது. ஆனா முகவரி இருக்கும். முகவரியில் 'காலனி' என்று வந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் பேனா கொஞ்ச நேரம் நிற்கும். எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். அந்த வரைபடத்தை அமெரிக்காக்காரன் சிவப்பு மையில் வெளிப்படையாப் போட்டான், அதுதான் வித்தியாசம்.

பிறகு காலம் மாறியது. அதே பகுதியில் வெள்ளைக்காரர்கள் வீடு வாங்க வந்தார்கள். வாடகை ஏறியது. 2010க்கும் 2020க்கும் நடுவில் மட்டும் அங்கே கறுப்பர்கள் 20,000க்கும் மேல் குறைந்துபோனார்கள். 2015இல் அந்தப் படமெடுத்த தெருப்பகுதிக்கு 'டூ த ரைட் திங் வே' என்று பெயர் வைத்தார்கள். தெருவுக்குப் படத்தின் பெயர் கிடைச்சது. படத்துல இருந்த சனங்களுக்குத் தெருவுல இடம் கிடைக்கல. 2014இல் புரூக்ளின் கல்லூரி மேடை ஒன்றில் ஸ்பைக் லீயே இதைக் கொதித்துப் பேசினார். வெள்ளையர் குடிவந்த பிறகுதான் பள்ளிக்கூடமும் குப்பை வண்டியும் ஒழுங்காகுமா என்று கேட்டார்.

சுவருக்குக் கீழே நிற்கிறவர்களையும் பார்க்க வேண்டும். புரூக்ளின் அருங்காட்சியக ஊழியர்கள் 2021இல் சங்கம் அமைத்தார்கள். முதல் ஊதிய ஒப்பந்தம் கிடைக்க 2023 ஆனது. விழா யாருக்கு என்பதைப் பலகை சொல்லும். விழா நடக்கும் இடத்தில் நீதி இருக்கிறதா என்பதைச் சம்பளப் பட்டியல்தான் சொல்லும்.

ஸ்பைக் லீயை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவராக ஆக்க நான் வரவில்லை. வழிபாடு நம் வேலை அல்ல. அவருடைய படங்களில் கறுப்புப் பெண்களின் இடத்தைக் கறுப்புப் பெண்ணியவாதி பெல் ஹூக்ஸ் கடுமையாகக் கேள்வி கேட்டார். முதல் படமான 'ஷீ'ஸ் காட்டா ஹேவ் இட்'டில் (1986) வைத்த பாலியல் வன்முறைக் காட்சிக்காக அவரே பின்னாளில் வருந்தினார். செருப்புக் கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுத்தார். 2021இல் கிரிப்டோ நாணய இயந்திரக் கம்பெனி ஒன்றுக்கும், பழைய பணம் நம்மை ஒதுக்கியது, புதுப் பணம் நம்மைத் தூக்கிவிடும் என்கிற தொனியில் விளம்பரம் எடுத்தார். 2023 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. வங்கிகள் ஒதுக்கிய சனத்தின் காயத்தைக் காட்டியே இன்னொரு வியாபாரி கல்லா கட்ட முடியும் என்பதற்கு இது பாடம். மன்ஹாட்டனின் பணக்காரப் பகுதியில் வீடு வைத்துக்கொண்டு புரூக்ளின் வாடகையைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டவர்களும் உண்டு. கேட்கட்டும். கொண்டாட்டம் இந்தக் கேள்விகளையும் சேர்த்துச் சுவரில் மாட்டினால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் அதுவும் ஒரு திருவுருவப் படம்தான்.

ஆனாலும் இந்தக் கண்காட்சியில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அங்கே வைத்த பொருட்கள் அருங்காட்சியகம் தேடிச் சேர்த்தவை அல்ல. ஸ்பைக் லீ தன் வாழ்நாளில் தானே சேர்த்தவை. யாரும் மதிக்காத காலத்தில் சுவரொட்டியைச் சுருட்டி வைத்தவர் அவர். மிஷோவுக்கு நேர்ந்தது தனக்கு நேராமல் பார்த்துக்கொண்டவர். அருங்காட்சியகம் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் காத்திருந்திருந்தால் காட்ட எதுவும் இருந்திருக்காது.

நமக்கும் அந்த நியூயார்க்குக்கும் உள்ள உறவு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1913 முதல் 1916 வரை அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1946இல் அவர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லி, ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். டு பாய்ஸ் பதில் போட்டார். அந்தக் கடிதத்தை இன்று நாம் படிக்க முடிகிறது. ஏன்? டு பாய்ஸின் தாள்கள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு கறுப்பு மனிதன் தூக்கி எறியாமல் வைத்ததால் நம் வரலாற்றின் ஒரு பக்கம் பிழைத்தது. 1972இல் பம்பாய் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டதும் இந்தத் தபால் தொடர்ச்சிதான்.

ஆகவே தோழர்களே, மாலை வந்தால் வாங்கிக்கலாம். தலையை மட்டும் குனிய வேண்டாம். சுவரில் இடம் கேட்பது நம் உரிமை. சுவரில் பங்கு கேட்பது அதைவிடப் பெரிய உரிமை. அது வருவதற்குள் நம்ம கையில இருக்கிறதைத் தொலைச்சிடக் கூடாது. உங்கள் ஊரில் நடந்த போராட்டத்தின் துண்டறிக்கை, அப்பாவின் சங்க அட்டை, அம்மா பாடிய பாட்டின் ஒலிநாடா, தெருக்கூத்து நோட்டீஸ், அடிபட்டவரின் மருத்துவச் சீட்டு, போலீஸ் வாங்க மறுத்த புகாரின் நகல், நின்றுபோன நம் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்கள். பழைய பேப்பர்க்காரனுக்குப் போடாதீர்கள். தேதி எழுதி, பெயர் எழுதி, டிரங்குப் பெட்டியில் வையுங்கள். நகல் எடுத்து இன்னொருவர் வீட்டிலும் வையுங்கள். வீடு எரியும் ஊர் நம்முடையது. ஒரே இடத்தில் வைத்தால் போதாது.